இனிப்புநீரும் கால் ரத்தக்குழாய் அடைப்பும்: கொழுப்பு மாத்திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிம்வாஸ்டேட்டின், அடோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின். மூன்றும் ஸ்டேட்டின் என்ற ஒரே வகை மருந்து. அட்டையில் எந்தப் பெயர் அச்சாகியிருந்தாலும் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இதற்குக் கொழுப்பு மாத்திரை என்றுதான் பெயர். அரசாங்கக் கிளினிக்கில் இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) பதிந்திருப்பவர்களின் மருந்துப் பையில் அநேகமாக இது இருக்கும். வீட்டில் அதிகமாக மிஞ்சிக் கிடப்பதும் இதுதான். மெட்ஃபோர்மின் தீர்ந்துவிடும், பிரஷர் மாத்திரை தீர்ந்துவிடும், கொழுப்பு மாத்திரை மட்டும் அட்டை அட்டையாகச் சேர்ந்துகொண்டே போகும். ஹீவுட், டோவன்பி தோட்டங்கள் பக்கமிருந்து டவுனுக்கு வரும் பெரியவர்கள் சிலர் அந்தச் சேமிப்பைப் பிஸ்கட் டின்னோடு கொண்டுவந்து என் மருந்துக்கடை மேசையில் கவிழ்ப்பார்கள். அடியில் கிடக்கும் அட்டை காலாவதியாகியிருக்கும். அதிலிருந்து ஒரு மாத்திரைகூடப் பிதுக்கியிருக்க மாட்டார்கள்.

அப்படிக் கவிழ்ப்பவர்களில் சிலருக்குக் காலில் ரத்தக்குழாய் அடைப்பு இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. இந்த மாத்திரையால் மிக அதிகமாகப் பயன்பெறக் கூடியவர்கள் அவர்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இனிப்புநீர் பல வருடம் இருந்தால் இதயக் குழாய்கள் அடைபடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்து உண்டாகும் அதே படிவம் காலுக்குப் போகும் குழாய்களிலும் சேரும் என்பதைப் பலர் விரல் கறுத்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கால் குழாயில் அடைப்பு இருப்பவருக்குக் காலை இழப்பதைவிடப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும். காலில் ஒரு குழாய் அடைத்திருக்கிறது என்றால் உடம்பின் மற்ற பெரிய குழாய்களிலும் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதனால்தான் ‘கால் வலி’ என்று போனவருக்கு டாக்டர் கொழுப்பு மாத்திரை எழுதுகிறார். இந்த மாத்திரையை ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைக் குறைக்கிற மருந்தாக மட்டும் பார்க்கிறோம். இது ரத்தக்குழாய்க்கான மருந்து. அந்த ஒரு விஷயம் பிடிபடாததால்தான் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை நடக்கின்றன.

“கொழுப்பு நார்மலாயிருச்சு, இனி எதுக்கு?”

ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்த அன்றே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. காய்ச்சல் விட்டதும் பனடோலை நிறுத்துவது சரி. இது அந்த வகை மருந்து அல்ல. எண் இறங்கியது மாத்திரையால். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறியது உடம்புக்குத் தெரியாது. தலை சுற்றாது, மூச்சு வாங்காது, ஒன்றுமே தோன்றாது. அதனால் ‘நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன்’ என்ற தைரியம் வந்துவிடுகிறது.

ஆரம்பத்திலேயே கொழுப்பு அதிகம் இல்லாதவருக்கு மாத்திரை எதற்கு என்ற கேள்வியும் வரும். இதற்கு 2002இல் பதில் கிடைத்தது. பிரிட்டனில் நடந்த ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடி என்ற ஆய்வில் 20,536 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு தினமும் 40 மில்லிகிராம் சிம்வாஸ்டேட்டின், மீதிப் பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, ஏறக்குறைய ஐந்து வருடங்கள். அவர்களில் 6,748 பேர் கால் ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். 5,963 பேர் இனிப்புநீர் உள்ளவர்கள். மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கால் ரத்தக்குழாய் நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. தொடக்கத்தில் எல்டிஎல் குறைவாக இருந்தவர்களும் அதே அளவு பயன் அடைந்தார்கள். குழாயில் நோய் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கொழுப்பின் எண் அதற்கு அடுத்ததுதான்.

படிவத்தின் மேல் ஒரு மெல்லிய மூடி இருக்கும். மாரடைப்பு பெரும்பாலும் அந்த மூடி கிழிந்து, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைவதால் வருவது. எல்டிஎல் நன்றாக இறங்கி அங்கே நின்றால் படிவத்துக்குள் கொழுப்பு குறைந்து, அழற்சி தணிந்து, மூடி கெட்டிப்படும். ஒரு மாதம் போட்டு ஒரு மாதம் விட்டால் இது நடக்காது.

‘நார்மல்’ என்ற அச்சடித்த வரியும் ஆளை ஏமாற்றும். லேப் ரிப்போர்ட்டில் பக்கத்தில் போட்டிருக்கும் அளவு, நோய் இல்லாதவர்களை மனதில் வைத்துப் போடப்பட்டது. ரத்தக்குழாய் அடைப்பு உறுதியானவர்களுக்கு எல்டிஎல் 1.4 மில்லிமோலுக்குக் கீழே போக வேண்டும், அதோடு ஆரம்ப அளவிலிருந்து பாதியாவது குறைய வேண்டும் என்று ஐரோப்பிய இதய மருத்துவர் சங்கம் 2019இல் வழிகாட்டியது. உங்கள் ரிப்போர்ட்டில் 2.5 என்று இருந்து அதற்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லாமல் இருக்கலாம். உங்களுக்கு அது போதாது. தமிழ்நாட்டு யூடியூப் வீடியோக்களைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. அவர்கள் சொல்லும் 100 நம்முடைய 2.6; நம்முடைய 1.4 அவர்களுக்கு ஏறக்குறைய 55.

“காலமெல்லாம் பால் வெட்டின காலு, வலிக்கத்தான் செய்யும்”

நான் அதிகம் பேச நினைப்பது இதைப் பற்றித்தான். நம் ஊரில் கால் வலிக்கு இரண்டு காரணம் தயாராக இருக்கும். ஒன்று தோட்ட வேலை. விடியற்காலையில் பால்மரத்துக்கும் (ரப்பர்) செம்பனைக்கும் நடந்த கால்கள், வயதான பிறகு வலிப்பது இயற்கை என்று விட்டுவிடுவார்கள். இன்னொன்று மாத்திரை. கொழுப்பு மாத்திரை தசையைப் பாதிக்கும் என்று எங்கோ கேட்டிருப்பார்கள். வலி வந்ததும் முதல் வேலையாக அதை நிறுத்துவார்கள். உண்மையான காரணமாகக் குழாய் அடைப்பு இருந்தால் இந்த இரண்டு முடிவுமே அந்த ஆளுக்கு எதிரானவை. முதலாவது நோயை மறைக்கிறது. இரண்டாவது நோய்க்கான மருந்தையே பிடுங்குகிறது.

ஒரு பெரியவர் சொன்ன விதம் அப்படியே நினைவில் இருக்கிறது. “தம்பி, வீட்டுலேருந்து கோயில் வரைக்கும் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல நிக்கிறேன். கெண்டைக்கால் கல்லு மாதிரி பிடிச்சிக்கிது. கொஞ்ச நேரம் நின்னா விட்டுருது, மறுபடி நடக்கிறேன். இந்தக் கொழுப்பு மருந்துதான்யா காரணம், போன மாசமே விட்டுட்டேன்.” மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் விவரிப்பு இதேதான். நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். நடக்கும்போது கெண்டைத் தசை அதிக ரத்தம் கேட்கிறது. அடைபட்ட குழாயால் கொடுக்க முடியவில்லை. நின்றதும் தேவை குறைந்து வலி அடங்குகிறது. மாத்திரையை விட்ட பிறகும் அவருக்கு அதே இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது என்பதை அவரே யோசித்துப் பார்க்கவில்லை.

மாத்திரையால் வரும் தசை வலி வேறு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து வரும். தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் ஆரம்பிக்கும். இரண்டு நிமிடம் நின்றதும் மறைந்துவிடாது. முதுகெலும்பில் நரம்பு நசுங்குவதாலும் நடந்தால் கால் வலிக்கும். அப்படிப்பட்டவருக்குச் சும்மா நிற்பதால் வலி விடாது. உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் விடும். இனிப்புநீரால் நரம்பு கெட்டவருக்கு எரிச்சலும் ஊசி குத்துவதும் ராத்திரியில், படுத்திருக்கும்போது அதிகமாகும்.

இந்த நரம்புக் கேடு இன்னொரு வேலையும் செய்யும். குழாய் அடைப்பின் வலியையே தெரியவிடாமல் மறைத்துவிடும். அதனால் இனிப்புநீர் உள்ளவர் ‘எனக்கு வலியே இல்லை, என் குழாய் நல்லா இருக்கு’ என்று நினைப்பதும் ஒரு தவறுதான். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிடும் ஒரு எளிய சோதனை உண்டு. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று அர்த்தம். இனிப்புநீர்க்காரர்களின் குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போனால் இந்த எண் 1.4க்கு மேல்கூடக் காட்டும். பார்ப்பதற்கு நல்ல எண். உண்மையில் நம்பக் கூடாத எண். அப்போது கட்டைவிரலில் அளந்து பார்ப்பார்கள்.

‘மாத்திரை போட்டாலே உடம்பு வலிக்குது’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. வலி உண்மை. காரணம்தான் பெரும்பாலும் வேறு. 2022இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட 19 ஆய்வுகளில் இருந்த 123,940 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஸ்டேட்டின் எடுத்தவர்களில் 27.1 விழுக்காட்டினர் தசை வலி என்று சொன்னார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 26.6 விழுக்காட்டினர் அதையே சொன்னார்கள்.

இதைவிட என் மனதில் பதிந்தது லண்டனில் நடந்த சாம்சன் என்ற சிறிய ஆய்வு, 2020இல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை விட்டவர்கள் 60 பேர். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு பாட்டில்: நான்கில் அடோர்வாஸ்டேட்டின், நான்கில் போலி மாத்திரை, நான்கு காலி. மாதத்துக்கு ஒரு பாட்டில். மாத்திரை இருந்த பாட்டில்களில் எது மருந்து, எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு நூறுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. மருந்து மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4. அதாவது ‘மாத்திரை போடுகிறேன்’ என்ற எண்ணமே அந்த வேதனையின் பெரும்பகுதியைக் கொண்டுவந்தது. தங்கள் முடிவைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி மாத்திரை தொடங்கினார்கள்.

உண்மையான தசைப் பாதிப்பு என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அரிதாக, மிக அரிதாக, தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்கும். தசை கடுமையாக வலித்து, பலம் குறைந்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்ற வலிகளுக்கு டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் தசைப் பாதிப்பைக் காட்டும் சிகே சோதனை எடுக்கலாம்; அளவைக் குறைக்கலாம்; வேறு ஸ்டேட்டினுக்கு மாறலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது.

“அந்த மாத்திரை சீனியை ஏத்துதாமே?”

ஏற்றும். மறைக்க வேண்டியதில்லை. எவ்வளவு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2024இல் வந்த தொகுப்பு ஆய்வின்படி ரத்தச் சர்க்கரை சராசரியாக 0.04 மில்லிமோல் கூடியது. காலையில் ஒரு தே தாரிக் குடித்தால் ஏறுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. புதிதாக இனிப்புநீர் வருவது மிதமான அளவு மாத்திரையில் பத்து விழுக்காடும், வீரியமான அளவில் 36 விழுக்காடும் கூடியது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நின்றவர்கள். 2010இல் வந்த கணக்கு இன்னும் தெளிவாக இருக்கும்: 255 பேர் நான்கு வருடம் ஸ்டேட்டின் எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக இனிப்புநீர் வரும். அதே 255 பேரில் ஐந்து பேருக்கு வர வேண்டிய மாரடைப்போ அது போன்ற சம்பவமோ தவிர்க்கப்படும்.

உங்களுக்கு இனிப்புநீர் ஏற்கெனவே இருக்கிறது என்றால் ‘இனிப்புநீர் வரும்’ என்ற பயத்துக்கு இடமே இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஒரு துளி கூடலாம். சர்க்கரை மருந்தைச் சரிசெய்துகொள்ளலாம். இனிப்புநீர் உள்ள 18,686 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், எல்டிஎல் ஒரு மில்லிமோல் குறையும் ஒவ்வொரு முறைக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன.

இதற்கு எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. ‘சீனி நல்ல கண்ட்ரோல்ல இருக்கு, அதனால கொழுப்பு மாத்திரை வேணாம்.’ சர்க்கரைக் கட்டுப்பாடு கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சின்னக் குழாய்களைக் காப்பதில் கெட்டிக்காரத்தனமான வேலை செய்யும். காலுக்கும் இதயத்துக்கும் போகும் பெரிய குழாய்களுக்கு அது மட்டும் போதாது. டென்மார்க்கின் ஸ்டீனோ-2 ஆய்வில் 160 பேர்தான். ஆனால் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் விடாப்பிடியாகக் கட்டுப்படுத்திய குழுவில் சுமார் எட்டு வருடத்தில் இதய, ரத்தக்குழாய்ச் சம்பவங்கள் பாதியாகக் குறைந்தன.

காலைக் காப்பாற்றுமா என்று நேரடியாகக் கேட்பவர்களுக்கு: அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரில் கால் ரத்தக்குழாய் நோய் இருந்த 155,647 பேரைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. வீரியமான ஸ்டேட்டின் எடுத்தவர்களிடம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட, காலை வெட்டுவது மூன்றில் ஒரு பங்கும் இறப்பு நான்கில் ஒரு பங்கும் குறைவு. இது ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள் மற்றவற்றிலும் ஒழுங்காக இருந்திருக்கலாம். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும், கால் அடைப்பு உள்ள ஒருவர் இந்த மாத்திரையை டின்னில் போட்டு வைப்பதற்கு என்னால் ஒரு நியாயமும் சொல்ல முடியவில்லை.

சோதனைக்கு முந்தின சில வாரங்கள் மட்டும்

ரத்தம் எடுக்கும் தேதி நெருங்கும்போது மட்டும் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எச்பிஏ1சியை இப்படி ஏமாற்ற முடியாது. எல்டிஎல்லை ஏமாற்ற முடியும். இரண்டு மூன்று வாரத்தில் அது இறங்கிவிடும். ரிப்போர்ட் அழகாக வரும், டாக்டரும் பாராட்டுவார், மீதி மாதங்களில் குழாய் காவல் இல்லாமல் கிடக்கும். இதற்கு நேர்மாறாக நடப்பது இன்னும் மோசம். மாத்திரையே போடாதவரின் எல்டிஎல் உயர்ந்திருப்பதைப் பார்த்து, போடுகிறார் என்று நம்பி டாக்டர் அளவை இரட்டிப்பாக்குவார். இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக ஆறு விழுக்காடுதான் இறங்கும் என்பது மருந்துத் துறையில் பழகிப்போன கணக்கு. உண்மையிலேயே தினமும் போட்டும் இறங்காதவருக்கு எஸெடிமிப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது பெரும்பாலும் நல்ல வழி. எது தேவை என்று டாக்டர் முடிவெடுக்க, நீங்கள் போடுகிறீர்களா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘வாரத்துக்கு மூணு நாள்தான் டாக்டர் போடுறேன்’ என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

நேரம் பற்றி: சிம்வாஸ்டேட்டின் ராத்திரியில் போட வேண்டியது. அடோர்வாஸ்டேட்டினும் ரோசுவாஸ்டேட்டினும் எந்த நேரத்திலும் போடலாம். தொழிற்சாலையில் ஷிப்ட், ராத்திரி ஜாகா (காவல்) வேலை என்று தூக்கம் மாறி மாறி வருபவர்கள் இதைச் சொல்லிக் கேட்டால் காலை மாத்திரையாக மாற்றித் தருவார்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் வழக்கமான ஒன்றுதான். இரண்டாகப் போட வேண்டாம்.

இந்த மாத்திரையோடு சேரக் கூடாதவை சில உண்டு. சிம்வாஸ்டேட்டின் எடுப்பவர்கள் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக்கோடு சேர்த்துப் போட்டால் மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறி, முன்பு சொன்ன தசை உடைவுக்கு வழிவிடும். இருமலுக்குத் தனியார் கிளினிக்குக்குப் போகும்போது கொழுப்பு மாத்திரை எடுப்பதைச் சொல்லுங்கள். பிரஷருக்கு அம்லோடிபின் எடுப்பவர்களுக்கு சிம்வாஸ்டேட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈப்போ போய்வரும்போதெல்லாம் தம்புன் பம்பளிமாஸ் வாங்கி வருகிறோம். அது கிரேப்ஃப்ரூட்டுக்கு நெருங்கிய சொந்தம். கிரேப்ஃப்ரூட்டில் இருக்கும், மருந்தை உடைக்கும் நொதியைத் தடுக்கும் பொருள்கள் இதிலும் இருக்கின்றன. சிம்வாஸ்டேட்டின் எடுப்பவர்கள் தினமும் பம்பளிமாஸ் சாப்பிடும் பழக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. ரோசுவாஸ்டேட்டினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

‘இயற்கை’ என்று எழுதிய டப்பாக்கள் தனிக் கதை. கொழுப்புக்கு விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கும் மொனகோலின் கே, 1987இல் விற்பனைக்கு வந்த முதல் ஸ்டேட்டினான லோவாஸ்டேட்டினேதான். முதல் ஸ்டேட்டினை 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ கண்டுபிடித்ததும் ஒரு பூஞ்சையிலிருந்துதான். ஆகவே ஆஸ்பத்திரி மாத்திரையையும் அந்த டப்பாவையும் சேர்த்து எடுப்பவர் அளவு தெரியாமல் இரண்டு ஸ்டேட்டின் எடுக்கிறார். கால் வலிக்கென்று பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் ஜாமு என்ற நாட்டு மருந்து இன்னும் ஆபத்து. அப்படிப்பட்ட பொருள்கள் சிலவற்றில் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. வலி மாயமாக மறையும்; சர்க்கரை எகிறும்; புண் ஆறாது. ‘கொழுப்பு மாத்திரையை விட்டுட்டு இதை எடுத்தேன், கால் வலி போயிருச்சு’ என்று யாராவது சொன்னால் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எம்ஏஎல் என்று தொடங்கும் அரசாங்க மருந்துப் பதிவெண் இல்லாவிட்டால் அதைத் தொட வேண்டாம்.

கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது, அதனால் இந்த மாத்திரை கூடாது என்பதும் பரவலான தவறு. கொழுப்புக் கல்லீரல் தடையில்லை. கல்லீரல் நோய் முற்றியிருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோதான் டாக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

மாத்திரையிடம் எல்லாவற்றையும் விட்டுவிடுவது

சிகரெட்டை விடாமல் மாத்திரை மட்டும் போடுவது போதாது. கால் குழாய்க்குப் புகையைப் போன்ற எதிரி வேறு இல்லை. எல்லா அரசாங்கக் கிளினிக்கிலும் கேட்டுப் பார்க்கலாம், புகைப்பதை விட உதவும் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

வலிக்கிறதே என்று நடப்பதை நிறுத்திவிடுவதும் தவறு. காலில் புண் இல்லாமல், இதயத்தையும் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்று சொன்னால், நடைதான் மருந்து. வலி ஓரளவு பிடிக்கும் வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடப்பது. அரை மணி நேரமாவது, வாரம் மூன்று நாள், குறைந்தது மூன்று மாதம். வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடுவதைப் பலரிடம் பார்க்கலாம்.

பாதத்துக்கு வருவோம். உணர்ச்சி குறைந்த காலை ‘ரத்தம் ஓடட்டும்’ என்று வெந்நீரில் வைப்பது, ஆணிக்காலை பிளேடால் சீவுவது, மதிய வெயிலில் கோயில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு சுற்றுவது. இவை ஒவ்வொன்றும் ஒரு கொப்புளத்தில் தொடங்கி விரலில் முடிந்திருக்கின்றன. தீமிதிக்கு வேண்டிக்கொண்டவர்களிடம் நான் நேரடியாகவே சொல்வதுண்டு: இனிப்புநீரும் கால் குழாய் அடைப்பும் இரண்டும் இருப்பவர் மிதிக்க வேண்டாம், நேர்த்தியை வேறு வகையில் செலுத்த அம்மனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. பரவாயில்லை.

அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நிலைமைகள் சில. இரண்டு வாரமாகியும் ஆறாத புண். கறுக்கத் தொடங்கிய விரல். ராத்திரியில் பாத வலியால் விழித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் குறைகிறது என்றால் அது நடக்காமலே ரத்தம் போதாத நிலை. அந்த வாரமே காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று சில்லிட்டு, வெளிறி, தாங்க முடியாமல் வலித்து, விரல் அசைய மறுத்தால் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம், ஒத்தடம் கொடுக்க வேண்டாம். குழாய் முழுதாக அடைத்திருக்கலாம். காலைக் காப்பாற்றச் சில மணி நேரம்தான் இருக்கும். நடுராத்திரியானாலும் 999க்கு அழைத்து, எந்தக் கால், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைச் சொல்லி, மருந்துப் பையையும் கையோடு எடுத்துப் போங்கள்.